பைன் உத்திரத்தில் முளைத்த தட்டு

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலை. என் சித்தப்பா மகன் சேகர் போனில் கூப்பிட்டு, "அக்கா, காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்துட்டுப் போ. மேடை மரத்துல இன்னாமோ பூத்துக்கினு இருக்குது" என்றான்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்றில் அவனுடைய விடுதி இருக்கிறது. அடி அண்ணாமலையில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்றுக் கட்டியது. கீழே அறைகள், மொட்டை மாடியில் ஒரு கஃபே. அந்த கஃபேயின் தலைக்கு மேலே, பைன் மரத்தில் ஒரு மேடை போட்டிருந்தான். படிக்கட்டு அறையின் கூரையிலிருந்து தொடங்கி, ஆள் உயரத்துக்கும் மேலே, மாடியின் பாதி வரை நீண்டிருக்கும். மேடையில் ஏறினால் மலை முழுசாகத் தெரியும். கீழே நிழலில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். யோசனை அவனுடையது. நல்ல யோசனைதான்.

மேடையைத் தாங்கிய உத்திரம் ஒன்றின் முனையில் அது இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அரை வட்டத் தட்டு. துருப்பிடித்த இரும்பின் நிறம். விளிம்பில் மட்டும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு கோடு, அப்போதுதான் தீட்டியது போல. மேற்புறம் பழைய வெல்வெட் துணி மாதிரி சொரசொரத்தது. அடிப்பக்கம் விரலை வைத்தால் நெருக்க நெருக்கமாக மடிப்புகள்.

"அழகா இருக்குதுல்ல? மேல் ரூம்ல தங்கியிருக்கற வெள்ளக்கார அம்மா போட்டோ எடுத்து அவங்க ஊருக்கெல்லாம் அனுப்பிச்சுட்டாங்க" என்றான் சேகர்.

அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்க நான் யார்? என் இளமையில் நல்ல பகுதியை இதன் பின்னால் அலைந்தே கழித்திருக்கிறேன்.

"ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு குடு" என்றேன்.

நாற்காலி மேல் ஏறி, தட்டுக்குப் பக்கத்தில் உத்திரத்தின் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். வெந்த கிழங்கில் கம்பி இறங்குவது போல, கைப்பிடி வரைக்கும் போய்விட்டது.

சேகர் என் முகத்தைப் பார்த்தான், கைப்பிடியைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து அந்தப் பெருமை இறங்கிப் போனதை இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்பாவின் கேள்வி

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதிய, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகி கேட்டிருந்தார்: "தாவரவியல் டீச்சர் என்கிறீர்களே, நீங்கள் படித்தது எந்தச் செடி?" செடியே இல்லை அம்மா. காளான். அதிலும் குழம்பு வைக்கிற காளான் இல்லை. செத்த மரத்தில் தட்டுத் தட்டாக முளைக்கிற, கடித்தால் பல் போகிற காளான்.

எங்கள் அப்பா நிலக்கடலை விவசாயி; எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. ஆராய்ச்சிக்குக் கொடைக்கானல் போகிறேன் என்று சொன்னபோது என்னவென்று கேட்டார். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்த துன்னலாமா?" என்றார்.

"முடியாதுப்பா."

"மருந்துக்கு ஆவுமா?"

"தெரியலப்பா."

"அப்ப சரி, நீயே படி" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அவர் கொடுத்த அனுமதி அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கொடைக்கானலில் பைன் காடுகளுக்குள் மழையில் நனைந்தபடி நடந்த நாட்களை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். காலடியில் ஊசி இலைகள் மெத்தை போல அழுந்தும். செருப்புக்குள் அட்டை ஏறியிருக்கும், அறைக்குத் திரும்பி ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். பிசின் வாசனையும் ஈர மண் வாசனையும் தலைமுடியில் ஏறி, எத்தனை முறை குளித்தாலும் போகாது.

விழுந்து கிடக்கும் ஒரு பைன் மரத்தைப் பார்த்து அதன் கதையைச் சொல்ல அங்கேதான் கற்றுக்கொண்டேன். தட்டுக் காளானின் அடிப்பக்கம் எப்போதும் தரையைப் பார்த்துத்தான் இருக்கும். அங்கிருந்துதான் அதன் வித்துத் தூள் உதிர வேண்டும். மரம் நிற்கும்போது முளைத்த தட்டு, மரம் சாய்ந்ததும் செங்குத்தாகிவிடும். உடனே அதே இடத்தில் புதுத் தட்டு, தரையைப் பார்த்தபடி, வேறு திசையில் முளைக்கும். இரண்டையும் பார்த்தால் போதும். இந்த மரம் நின்றபடி செத்தது, பிறகுதான் விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். அதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. நாம் பார்க்கிற தட்டு வெறும் காய் மாதிரி. சாப்பிடுகிற வேலையெல்லாம் மரத்துக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத நூல்களாக நடக்கிறது. மரத்துக்கு வலுக் கொடுக்கிற பகுதியைத்தான் அது முதலில் தின்னும். மரத்தின் எடை குறைவதற்கு முன்பே பலம் போய்விடும். வெளியே வர்ணம் அடித்தது அடித்தபடி இருக்கும். தட்டு வெளியே வந்துவிட்டது என்றால், உள்ளே சாப்பாடு முடிந்து வெகு நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

மும்தாஜ்

நாற்காலியிலிருந்து நான் இறங்குவதற்குள் சேகர் தீர்ப்பு எழுதிவிட்டான்.

"மும்தாஜ் அக்கா ஏமாத்திடுச்சு. இத்துப்போன மரத்த என் தலையில கட்டிடுச்சு."

"இருடா. ஏன் இப்படி ஆச்சுன்னு முதல்ல பாக்கலாம்."

"இன்னா பாக்கறது? அதான் உள்ள போயிடுச்சே. நீயே நாலு பேருகிட்ட சொல்லுக்கா. காலேஜ் டீச்சர் சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க."

மும்தாஜ் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தோழி. டவுனில் அவர்கள் குடும்பத்தின் மரக்கிடங்கு மூன்று தலைமுறையாக இருக்கிறது. அவளுடைய வாப்பாவுக்குப் பிறகு அவளே கணக்கு, கொள்முதல், லாரி எல்லாவற்றையும் எடுத்து நடத்துகிறாள். தேக்கும் வேங்கையும் விற்ற இடத்தில், கப்பலில் வருகிற பைன் மரத்தைக் கொண்டுவந்து, ஆசிரமப் பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் பழக்கியவள் அவள்தான். லேசான மரம், சீக்கிரம் வேலை முடியும், வெளிர் நிறம், வெளிநாட்டுக்காரர்களுக்கும் பிடிக்கும். அந்தச் சந்துகளில் அலமாரியோ கட்டிலோ பெஞ்சோ எது வெளிர் மஞ்சளாக இருந்தாலும், அது மும்தாஜ் கிடங்கிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

நான் கல்லூரி முடிந்து சாயங்காலம் கிடங்குக்குப் போனேன். அதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. காலையிலேயே சேகர் பெரிய தெருவில் ஆணிக் கடைக்குப் போய், இருந்தவர்கள் முன்னால் சொல்லியிருக்கிறான். மத்தியானத்துக்குள், யோகா கூடம் ஒன்றுக்குத் தரை போட மரம் கேட்டிருந்த இன்னொரு விடுதிக்காரர், "கொஞ்ச நாள் போவட்டும்மா" என்று பின்வாங்கிவிட்டார்.

மும்தாஜ் மரப்பொடி படிந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"உன் தம்பிக்கு வக்காலத்து வாங்க வந்தியா?"

"மரத்தப் பாக்க வந்தேன்."

"பாரு. நல்லாப் பாரு. அதே லோடுல வந்தது பின்னாடி ஷெட்ல மிச்சம் இருக்குது."

போய்ப் பார்த்தேன். கூரைக்குக் கீழே, காற்றுப் போக நடுநடுவே குச்சி வைத்து, அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றாகக் கத்தி முனையால் குத்தினேன். முனைகூட இறங்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். அத்தனை காலம் கழித்தும் பிசின் வாசனை இருந்தது. கொடைக்கானலே எதிரில் வந்து நின்றது போல இருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். "உன் மரத்துல குத்தம் இல்ல. காய்ஞ்ச மரத்தக் காளான் தொடவே தொடாது. அங்க எங்கியோ தண்ணி போவுது."

"மழையா?"

"மழை நனைக்கும், வெயில் காய வைக்கும். இது காயவே வுடாத தண்ணி."

மும்தாஜ் மேசை இழுப்பறையைப் பூட்டினாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு செருப்பை மாட்டினாள். "வா, வண்டிய எடு. எங்கேந்து போவுதுன்னு பாத்துடலாம்."

பிளாஸ்டிக் இலைகளுக்குள்

சேகர் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவனுடைய மனைவி மாலாதான், "வாங்கக்கா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"அப்புறம் குடிக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு மும்தாஜ் நேராக மாடி ஏறினாள்.

மேடையின் உத்திரங்கள் எல்லாவற்றையும் சுற்றி, சேகர் பச்சைப் பிளாஸ்டிக் கொடிகள் சுற்றியிருந்தான். தூரத்திலிருந்து பார்க்கப் பந்தல் போல இருக்கும். நான் காலையில் பார்த்தது கொடி முடிந்த இடத்தில், இலைகளைத் தாண்டி எட்டிப் பார்த்த ஒரே ஒரு தட்டு. இப்போது மும்தாஜ் நாற்காலி மேல் ஏறி, கொடியின் முனையைப் பிடித்து இழுத்தாள். கட்டியிருந்த கம்பிகள் பட்பட்டென்று விட்டன. நீளமாக, ஒரு புடவையை உருவுவது போல, கொடி கீழே வந்து விழுந்தது.

உள்ளே வரிசையாகத் தட்டுகள். சின்னது, பெரியது, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியது, புதிதாக மஞ்சள் பொட்டு போல முளைவிட்டது. உத்திரத்தின் நடுப்பகுதி முழுக்க அவைதான். அவற்றுக்கு மேலே, மரத்தோடு ஒட்டி, ஒரு மெல்லிய கறுப்புக் குழாய் ஓடியது. அதன் இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது இன்னா?" என்றாள் மும்தாஜ்.

சேகர் குழாயை அண்ணாந்து பார்த்தான். "பனி மாதிரி தண்ணி தெளிக்கற குழாய். வெயில் காலத்துல கஸ்டமருங்களுக்குச் சில்லுனு இருக்கும்னு போட்டேன்."

"வெயில் காலம் போய் எவ்ளோ நாளு ஆச்சு?"

"மோட்டர நிறுத்திட்டேன். மேல் டேங்க்லேந்து வர்ற வால்வு லேசா லீக் ஆவும். சொட்டு சொட்டாத்தான."

சொட்டுச் சொட்டாகத்தான். பிளாஸ்டிக் இலைகள் வெயிலையும் காற்றையும் தடுக்க, சொட்டு நிற்காமல் மரத்தில் இறங்கியிருக்கிறது. ஒரு காளானுக்கு இதைவிட நல்ல வீட்டை என்னால்கூட ஆய்வுக்கூடத்தில் கட்டித் தர முடிந்திருக்காது.

விரலால் மரத்தைக் கிள்ளினேன். சின்னச் சின்னப் பழுப்புக் கட்டிகளாக, சர்க்கரைக் கட்டி போல உடைந்து வந்தது. அதை மும்தாஜின் கையில் வைத்தேன். அவள் இரண்டு விரலால் தேய்த்தாள். பொடியாகிக் காற்றில் போனது. அவள் சேகரைத் திட்டவில்லை. திட்டுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

"இது மேல எத்தினி பேர ஏத்துவ, தீபத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மணல் மூட்டைகள்

இந்த ஊரில் கார்த்திகை தீபம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலை உச்சியில் தீபம் ஏற்றுகிற சாயங்காலம், ஊரில் மலையைப் பார்த்த மொட்டை மாடி எதுவும் காலியாக இருக்காது. சேகரின் அறைகள் அத்தனையும் மாதக் கணக்கில் முன்பே பேசி முடிந்திருந்தன. மேடையிலிருந்து தீபம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் பேசியிருந்தான்.

"இன்னும் கொஞ்ச நாளுதான்க்கா" என்றான். "தீபம் முடியட்டும். மறுநாளே பிரிச்சுடறேன். நடுவுல ரெண்டு இரும்புப் பைப்பு முட்டுக் குடுத்தா நிக்காதா?"

"நிக்காது."

"நீ எப்பிடி அவ்ளோ உறுதியா சொல்ற?"

"எனக்கு இது ஒண்ணுதாண்டா உறுதியாத் தெரியும். கண்ணுக்குத் தெரியற எடத்தத் தாண்டி ரெண்டு பக்கமும் போயிருக்கும். முட்டு எங்க குடுப்ப? பைப்பு நிக்கும், அதுமேல இருக்கற மரம் நிக்காது. நல்ல மரம் ஒடையறதுக்கு முன்னாடி முனகும், வளையும், நாம எறங்கிடலாம். இது முனகாது."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பொய் சொல்கிறேன் என்று அவன் நினைக்கவில்லை. உண்மையாக இருக்கக்கூடாதே என்று நினைத்தான். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால் கோபம் வரவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கிற எண்ணமும் இல்லை.

வழி சொன்னது மும்தாஜ். "ஆளுங்க ஏறறதுக்கு முன்னாடி மணல் மூட்டை ஏறட்டும். என் லோடு ஆளுங்கள அனுப்பறேன். நின்னுதுன்னா நாங்க சொன்னதெல்லாம் தப்பு, உன் இஷ்டம். நிக்கலன்னா பிரிச்சுடு."

சேகர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தான். நிற்கும் என்று அவன் நம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. விடுதியில் இருந்தவர்களையெல்லாம் மாலா கீழே அனுப்பிவிட்டாள். மேடைக்கு அடியிலிருந்த மேசை நாற்காலிகளை ஓரங்கட்டினோம். மும்தாஜின் ஆட்கள் படிக்கட்டு அறையின் சிமென்ட் கூரையில் நின்றுகொண்டார்கள். ஒருவரும் மேடையில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒரு பலகையில் சரிய விட்டு, நீளமான கழியால் தள்ளி, மூட்டைகளை ஒவ்வொன்றாக நடு மேடைக்கு அனுப்பினார்கள். நாங்கள் மாடியின் மறுகோடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றோம்.

முதல் மூட்டை. ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. நாலைந்து போனதும் சேகரின் தோள் லேசாக நிமிர்ந்தது. "பாத்தியாக்கா?" என்றான்.

மலை மேல் மேகம் ஒன்று தொட்டுக்கொண்டு நகர்ந்தது. அடுத்த மூட்டை சரிந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.

சத்தம் என்று பெரிதாக எதுவும் இல்லை. காய்ந்த ரொட்டியை ஒடிக்கிற மாதிரி ஒரு 'டப்'. நடு உத்திரம் இருந்த இடத்தில் இல்லை. மேடை நடுவில் மடிந்து, மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கஃபேயின் தரையில் விழுந்து வெடித்தன. மணல் எங்கள் கால் வரைக்கும் ஓடி வந்து நின்றது. ஒடிந்த முனை இரண்டிலும் ஒரு சிராய்கூட இல்லை. கத்தியால் வெட்டிய கேக் போல, மொழுக்கென்று, பழுப்பாக இருந்தது.

மேலே நின்ற ஆட்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, "மூட்ட இன்னும் பாதி மிச்சம் கீதுங்க" என்றார்.

சேகர் மெதுவாகக் கைப்பிடிச் சுவரோரம் கீழே உட்கார்ந்தான். மாலா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள்.

ஆணிக் கடையில்

அன்றைக்கே மேடையைப் பிரித்தார்கள். மறுநாள் காலை சேகர் என் வீட்டு வாசலில் வண்டியோடு நின்றான். "கூட வாக்கா" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பெரிய தெரு ஆணிக் கடையில் வழக்கம்போல நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யோகா கூடத்துக்காரரும் இருந்தார். கடைக்காரர் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

சேகர் உட்காரவில்லை. "அன்னிக்கு இங்க வந்து மும்தாஜ் அக்கா மரத்தப் பத்திப் பேசிட்டுப் போனேன்ல. அது தப்புங்க. மரம் நல்ல மரம். நான்தான் தண்ணிய வுட்டு இத்துப்போவ வெச்சேன். அந்தம்மா சொல்லலன்னா தீபத்தன்னிக்குப் பெரிய விபத்து ஆயிருக்கும். யாரு கேட்டாலும் இப்பிடியே சொல்லுங்க" என்றான்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். யோகா கூடத்துக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "அப்ப பைன் போடலாங்களா மேடம்?"

"தண்ணி படாம வெச்சா தாராளமாப் போடலாம்."

மத்தியானம் மும்தாஜ் போன் செய்தாள். ஆணிக் கடைப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உன் தம்பிகிட்ட சொல்லு. மேடைக்கு நல்ல சட்டமா எடுத்து வெச்சிருக்கேன். தை மாசம் வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு. குழாய் கிழாய்னு பேசினா குடுக்க மாட்டேன்" என்றாள்.

தீபத்தன்று

மேடை இல்லாததற்கு விருந்தினர்கள் சண்டை பிடிப்பார்கள் என்று சேகர் பயந்திருந்தான். அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். ஒருவர் மட்டும் வேறு விடுதி பார்த்துக்கொண்டு போனார். மற்றவர்கள் வெறும் மொட்டை மாடியே போதும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் மும்தாஜையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தான். அவர்கள் வீட்டு மாடியிலிருந்தே அவள் வருஷா வருஷம் பார்க்கிற தீபம்தான். இருந்தாலும் வந்தாள். கூட்டம் சுவரிலிருந்து சுவர் வரை நெருங்கி நின்றது. ஈரத் துணி வாசனை, கற்பூர வாசனை, யாரோ உரித்த ஆரஞ்சுப் பழத்தின் வாசனை. சேகரின் சின்ன மகள் பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

உச்சியில் நெருப்பு தெரிந்தது. ஊர் முழுக்க ஒரே குரலாக எழுந்த 'அரோகரா' வயிற்றில் அதிர்ந்தது. எங்களைச் சுற்றிலும் கைகள் தலைக்கு மேல் கூம்பின. நானும் கும்பிட்டேன்.

சத்தம் அடங்கிய பிறகு மும்தாஜ் திரும்பி, அந்தக் கூட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"இதுல எத்தினி பேரு மேடை மேல இருந்திருப்பாங்க?" என்று சேகரைக் கேட்டாள்.

அவனும் பார்த்தான். "பாதி பேரு இருந்திருப்பாங்கக்கா" என்றான். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "பாப்பா முன்னாடி நின்னிருப்பா" என்றான்.

கூட்டத்துக்குள் புகுந்து போய் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். வருகிற வழியில், மலையைப் பார்த்துப் போட்டிருந்த முதல் வரிசையிலிருந்து தன் நாற்காலியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்து, மும்தாஜுக்குப் பின்னால் வைத்தான்.

"குந்துக்கா" என்றான். "இன்னும் ரொம்ப நேரம் எரியும்."